மீட்டர் கம்ப்யூட்டரோடு பேசுமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தனியாளாக ஒரு சின்ன பட்டறை நடத்துகிறேன். சார்ஜர் போர்டுகளைச் சோதித்துக் கொடுப்பதுதான் தொழில். வேலூரில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் பெஞ்ச் மல்டிமீட்டர் விலைக்கு இருக்கிறது. யுஎஸ்பி இருக்கிறது, கம்ப்யூட்டரிலேயே ரீடிங் எடுக்கலாம் என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: யுஎஸ்பி இருக்கிறது என்பதற்காகப் பணம் கொடுத்துவிடாதீர்கள். சில மீட்டர்களில் அது பென்டிரைவ் செருக மட்டும்தான். சிலவற்றில் கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேரைத் தவிர வேறு எதற்கும் பதில் வராது. உங்களுக்கு வேண்டியது, கம்ப்யூட்டரிலிருந்து மீட்டர் போன்ற கருவிகளை இயக்க 1990-இல் வந்த எஸ்சிபிஐ (SCPI) என்ற பொதுக் கட்டளை முறை. அது தெரிந்த மீட்டரா என்று கடையிலேயே சோதித்துவிடலாம்.

லேப்டாப்பில் பைதான் என்ற புரோகிராம் மொழியும், அதிலிருந்து கருவிகளுக்குக் கட்டளை அனுப்ப உதவும் பைவிசாவும் (PyVISA) ஏற்றிக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டும் இலவசம். காட்பாடியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் யாராவது தெரிந்தால் கூட்டிப் போங்கள், பத்து நிமிட வேலை. முதலில் நட்சத்திரக் குறி, ஐடிஎன், கேள்விக்குறி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர், ஃபர்ம்வேர் (மீட்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர்) பதிப்பு என நான்கு விவரம் கமா போட்டு வரும். அந்த சீரியல் நம்பரும் பின்னால் ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் உள்ளே போர்டு மாற்றினார்களா என்று நேராகவே கேளுங்கள். அப்புறம் ஒரு 9 வோல்ட் பேட்டரியை மாட்டி, டிசி வோல்டேஜ் அளக்கும் கட்டளையை அனுப்புங்கள். அதில் மெஷர், வோல்டேஜ், டிசி என்ற சொற்களுக்கு நடுவே முக்காற்புள்ளியும் கடைசியில் கேள்விக்குறியும் வரவேண்டும். முழுச்சொல்லாக எழுதலாம், மேனுவலில் பெரிய எழுத்தில் காட்டியுள்ள சுருக்கத்தையும் எழுதலாம். நம் இஷ்டத்துக்குப் பாதியில் வெட்டினால் ஏற்காது.

பதிலே வரவில்லையா? உடனே மீட்டர் மேல் பழி போடாதீர்கள். கட்டளை முடிவில் புதுவரிக் குறி போகாவிட்டாலும் அது காத்துக்கொண்டுதான் இருக்கும். அடுத்து பிழைப் பட்டியலைக் கேளுங்கள். பூஜ்யம் வந்தால் பிழை இல்லை. மைனஸ் 113 வந்தால் நீங்கள் அனுப்பிய சொல் அதற்குத் தெரியவில்லை என்று பொருள். இலக்கணம் பொதுவானாலும் கட்டளைகள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அதனால் யூசர் மேனுவல் போதாது, அந்த மாடலின் புரோகிராமிங் மேனுவல் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே தேடுங்கள். கிடைக்காத மீட்டரை, விலை எவ்வளவு குறைந்தாலும், நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

பில்லில் மாடல், சீரியல் நம்பரோடு ‘கம்ப்யூட்டர் மூலம் இயக்கலாம்’ என்று எழுதி வாங்குங்கள். வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகத் துணைக்கு வராது. ஆனால் சுயதொழிலில் பிழைக்க வாங்கியதென்றால் 2019 சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். சிக்கல் வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.