வேர்த்த குதிரைமேல் தண்ணீர் ஊற்றலாமா? - குதிரை டாக்டர் பதில்கள்

கேள்வி: சாயங்காலம் சவாரி முடிந்து வந்ததும் குதிரைமேல் தண்ணீர் ஊற்றப் போனால் எங்கள் குதிரைக்காரர் பதறுகிறார். "சூட்டோட ஊத்தினா சதை பிடிச்சுக்கும், குதிரை படுத்துடும்" என்கிறார். முப்பது வருஷம் லாயத்தில் இருந்தவர். யார் பேச்சைக் கேட்பது, டாக்டரம்மா?
- வாசகர், கோவளம்

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மற்றதில் கேளுங்கள். குதிரை நொண்டப் போகிறது என்பது டாக்டருக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டு லாயங்களிலும் இதே பயம் இருந்தது. 1996 ஒலிம்பிக்ஸ் அட்லாண்டாவில் என்று முடிவானதும், அந்த ஊர்ப் புழுக்கத்தைக் குதிரைகள் எப்படித் தாங்கும் என்று டேவிட் மார்லின் போன்ற ஆராய்ச்சியாளர்கள் சோதிக்க ஆரம்பித்தார்கள். சூடும் ஈரமும் ஏற்றிய அறையில் ட்ரெட்மில்லில் குதிரைகளை ஓடவிட்டு அளந்தார்கள். குளிர்ந்த நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் உடம்புச் சூடு வேகமாக இறங்கியது, சதை பிடிக்கவில்லை.

ஓடும்போது தசை செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெறும் சூடாகத்தான் போகிறது. பெரும்பாலும் வேர்வை காய்ந்துதான் அது வெளியேறும். உங்கள் கடற்கரைக் காற்றில் வேர்வை எங்கே காய்கிறது? சொட்டித் தரையில் விழுகிறது. அதனால் நிழலில் நிறுத்தி, கழுத்து, மார்பு, தொடை எல்லாம் நனைகிற மாதிரி விடாமல் ஊற்றுங்கள். நடுவில் கொஞ்சம் நடத்துங்கள், மறுபடி ஊற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடுவது வேண்டாம். அது கொஞ்ச நேரத்தில் சூடாகி, சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்.

அப்புறம் உப்பு. குதிரையின் வேர்வை அதன் ரத்தத்தைவிட உப்புக் கூடியது. 500 கிலோ குதிரைக்கு வேலை இல்லாத நாளிலேயே சுமார் 25 கிராம் சாதாரண உப்பு வேண்டும். வேர்த்த நாளில் இன்னும் கூடுதலாக.

கேள்வி: எங்கள் குதிரை தொட்டி விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குகிறது. 350 கிலோ இருக்கும். காலையும் மாலையும் கொள்ளும் தவிடும், ராத்திரி ஒரு கட்டுப் புல்லும் கொடுக்கிறோம். கழுத்துப் பட்டை போட்டால் நிற்குமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: போட்டிருக்கிற வரை நிற்கும். கழற்றினால் முன்னைவிட அதிகமாகச் செய்யும் என்று ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். பட்டைக்குச் செலவழிக்கிற காசைப் புல்லுக்குக் கொடுங்கள்.

குதிரை வயிற்றில் அமிலம் நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் எச்சிலோ மென்றால்தான் வரும். பகல் முழுக்க வாய் சும்மா இருந்தால் வயிறு புண்ணாகும். ஒரு நாளைக்கு உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம் உலர் தீவனம் வேண்டும். உங்கள் குதிரைக்கு அது ஐந்தேகால் கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான் என்பதால், கோ-4 என்ற தீவனப் புல்லாகப் போட்டால் 26 கிலோ வரும். ஒரு கட்டு எந்த மூலைக்கு? நாலைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனச் செடி) கிடைத்தால் கொஞ்சம் சேருங்கள்; அதிலுள்ள கால்சியம் அமிலத்தைத் தணிக்க உதவும். கொள்ளு கெட்டதில்லை, புல்லின் இடத்தை அது பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் பழகிவிட்ட பழக்கம் முழுக்கப் போகும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

கேள்வி: கடிவாளத்தை எவ்வளவு இழுத்தாலும் குதிரை நிற்பதில்லை. வாயில் மாட்ட இன்னும் கடுமையான இரும்பு வாங்கலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். நின்ற அந்த நொடியே கையைத் தளர்த்துகிறீர்களா? குதிரை கற்றுக்கொள்வது இழுப்பதில் இல்லை, விடுவதில். நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால், எதற்காக நிற்க வேண்டும் என்று அதற்குப் புரியாது. மூக்கைச் சுற்றிக் கட்டும் வாரில் இரண்டு விரல் நுழைகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், பல்லில் கூர் விழுந்திருக்கிறதா என்று உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.