கோர்சிகா கரையில் கூடாரம்: கேளுங்கள், சொல்கிறேன்

தென் பிரான்ஸில், மார்செய் துறைமுக ஊரில் குடியிருக்கிறேன். மத்தியதரைக் கடலில் இருக்கும் பிரான்ஸின் கோர்சிகாத் தீவின் மேற்குக் கரையில், கல்வி முதல் பொனிஃபாசியோ வரை, ஒன்பது கோடை கூடாரம் போட்டிருக்கிறேன். (கல்வி என்பது ஊர்ப்பெயர். படிக்கப் போகவில்லை.) கரையைப் பற்றிக் கேளுங்கள். விசா, ஹோட்டல் பற்றி எனக்குத் தெரியாது.

1. அண்ணா, ஆகஸ்ட்டில் பிள்ளைகளோடு போகிறோம். விமானமா, கப்பலா?

கப்பல். மார்செய்யில் மாலை ஏறினால் காலையில் தீவு. காரும் கூடவே வரும், அதுதான் முக்கியம். நல்ல கரைகளுக்குப் பேருந்தை நம்பிப் போக முடியாது. தீவின் மேற்குக் கரையில் பியானா ஊரிலிருந்து பக்கத்துப் போர்ட்டோவுக்கு 12 கிலோமீட்டர்தான். ஆனால் செம்பாறைகளைக் குடைந்து போட்ட சாலை, எதிரே சுற்றுலாப் பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். பகல் உச்சியில் போகாதீர்கள். காலை ஏழரைக்கு முன்னால் போனால் பாறையும் சிவப்பாக இருக்கும், சாலையும் உங்களுடையது.

2. டென்ட்டோடு வந்த முளைகள் போதுமா?

போதாது. இந்தக் கரை பெரும்பாலும் கருங்கல் தரை. என் முதல் இரவில் அலுமினிய முளை பத்தில் ஏழு கொக்கிபோல வளைந்துவிட்டது. பக்கத்து டென்ட் ஜெர்மன் பாட்டி ஒன்றும் பேசாமல் தன் சுத்தியலையும், ஒரு சாண் நீள எஃகு ஆணி நாலையும் நீட்டினார். அன்றிலிருந்து நானும் எஃகு ஆணிதான். அதுவும் இறங்காத இடத்தில் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டுங்கள். வாசலைத் தென்மேற்கே வைக்காதீர்கள். அங்கிருந்துதான் ‘லிபெச்சு’ காற்று அடிக்கும்.

அப்புறம், கட்டுமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் பெரிய மரம் இருந்தால் வேறு இடம்.

3. கேஸ் டப்பா கொண்டு போகலாமா?

விமானத்தில் கூடாது. அங்கே வாங்கலாம், ஆனால் பிரான்ஸில் திருகும் வகை, சொருகும் வகை என இரண்டு உண்டு. அடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

4. கேம்பிங் இடத்துக்கு ஏன் காசு? கடற்கரையிலேயே போட்டால் என்ன?

சட்டப்படி கூடாது. அபராதம் உண்டு.

5. ஒரே ஒரு இரவு என்றால்?

நாலாவது பதில்.

6. அண்ணனுக்கு மரத்தின் மேல் என்ன கோபம்? ஆகஸ்ட் வெயிலில் நிழல் இல்லாமல் பிள்ளைகள் வெந்துவிடுவார்கள். யூகலிப்டஸ் தோப்பில் ஐந்து வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

தம்பி, 2022 ஆகஸ்ட் 18 காலை வரை அங்கே இருந்தவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அன்று கடலிலிருந்து வந்த புயல் மேற்குக் கரையில் ஏறியது. அங்குள்ள மரிஞ்ஞானா ஊரில் மணிக்கு 225 கிலோமீட்டர் வேகம் பதிவானது. ஐந்து பேர் இறந்தார்கள். சகோன் என்ற கடற்கரை ஊரில் ஒரு கேம்பிங்கில் மரம் விழுந்து 13 வயதுச் சிறுமி இறந்தாள். முந்தின நாள் சிவப்பு எச்சரிக்கை எதுவும் இல்லை.

அது அபூர்வம் அண்ணா. சாலை விபத்துக்குப் பயந்து வண்டி ஓட்டாமல் இருக்கிறோமா?

சீட் பெல்ட் போடுகிறோமே. யூகலிப்டஸுக்குப் புயலே வேண்டாம், காற்றே இல்லாத கொதிக்கும் பிற்பகலிலும் கிளையை உதிர்க்கும். மறு வருடம் நான் போட்ட இடத்துக்கு எதிரே அறுத்த அடிமரங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் மேல் என் மகள் கால் மடக்கி உட்கார்ந்து சாப்பிட்டாள், தட்டு வைக்கவும் இடம் இருந்தது. அவ்வளவு பருமன்.

(இன்னொருவர்) நான் அண்ணன் பக்கம். ஆனால் நிழலுக்கு வழி?

இதைக் கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. ஒலிவ மரம் குட்டை, அதன் அடி பரவாயில்லை. சில கேம்பிங்குகளில் நாணல் தட்டிப் பந்தல் போட்ட இடம் உண்டு, பதிவு செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால் வெளிர் நிறத் தார்ப்பாயை டென்ட்டுக்கு ஒரு முழம் மேலே, காற்று ஊடாடும்படி கட்டுங்கள். டென்ட்டின் மேலேயே போர்த்தினால் இட்லிப் பானைதான்.

7. ஜிஆர் 20 நடைபாதையில் டென்ட் போடலாமா?

அது 180 கிலோமீட்டர் மலைப்பாதை. தங்குகுடில்களை ஒட்டி மட்டும்தான் போடலாம். மற்றதை மலையேறுகிறவர்களிடம் கேளுங்கள், என் முட்டி அதற்கு ஒத்துவராது.

8. விறகடுப்பில் சமைக்கலாமா? பன்றி வருமாமே?

நெருப்பு கூடவே கூடாது. சுற்றியுள்ள ‘மாக்கி’ புதர்க்காடு எண்ணெய்ப் பசையுள்ள செடிகள், கோடையில் ஒரு பொறி போதும். பன்றி வரும். தீவில் அவற்றை அவிழ்த்துவிட்டுத்தான் வளர்க்கிறார்கள். சாப்பாட்டைக் காரில் பூட்டுங்கள். டென்ட்டுக்குள் வைத்த ஒரு கிலோ பொன்னி அரிசிக்காக என் டென்ட்டின் பக்கச் சுவர் போயிற்று.

9. ஆள் இல்லாத குட்டிக் கடற்கரை என்றால், இரவில் யார் பார்க்கப் போகிறார்கள்?

நாலு. நாலு. நாலு.

10. அண்ணா, இப்போதுதான் பார்த்தேன். பதிவு செய்த இடத்தின் குறிப்பில் ‘யூகலிப்டஸ் நிழல்’ என்று போட்டிருக்கிறது. கூடுதல் காசு வேறு வாங்கியிருக்கிறார்கள்.

இன்றே போன் செய்து மாற்றச் சொல்லுங்கள் தங்கச்சி. காசு திரும்பக் கிடைக்காவிட்டாலும் மாற்றுங்கள். என்னிடம் இரண்டு தார்ப்பாய் இருக்கிறது, மார்செய் வழியாகத்தானே கப்பலுக்குப் போகிறீர்கள், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.