டீ குடிக்கப் போன நேரத்தில்

அன்புள்ள அய்யா,

சென்ற வாரம் கும்பகோணத்தில் தென்னக வரலாறு, இலக்கியம், சமயம் பற்றி இரண்டு நாள் உரைகள் கேட்டேன். வங்கியில் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை கவுண்டரில் உட்கார்ந்ததும் கேட்டதெல்லாம் மறந்துவிடுகிறது. நினைவில் நிறுத்த என்ன வழி? இன்னொன்று, எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. சமய உரைகளின்போது டீ குடிக்கப் போய்விட்டேன். அவற்றை எடுத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் வைத்தால் என்ன?

கே.

அன்புள்ள கே.,

சனி, ஞாயிறு இரண்டையும் பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. மறதிக்கு மருந்தெல்லாம் கிடையாது, ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த டீயை அப்படி விட முடியாது.

எனக்குக் கல்வெட்டு படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கடைசிவரை நாத்திகர். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோரம் எங்களை நிறுத்துவார். எழுத்தைத் தொடவிட மாட்டார். குடைக்கம்பியை ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி வாசிப்பார்: 'தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை...' ராஜராஜன் வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கோயில் பணிக்காகக் கொண்டுவந்து குடியேற்றிய 400 பெண்களின் பட்டியல் அது. தளிச்சேரி என்றால் அவர்களின் குடியிருப்பு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, அதாவது எந்த வரிசை, எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் (கலம் என்பது பழைய முகத்தலளவை). ஒருத்தி இறந்தால் அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெறுவார், ஆனால் தகுதி இருக்க வேண்டும்.

அதே கோயிலில் திருப்பதியம், அதாவது தேவாரம் பாட 48 பேர், கூட உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். அவர்களுக்கும் நெல் அளந்து எழுதியிருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு நூறாண்டுக்கு முன்பே, சம்பந்தருக்கும் அப்பருக்கும் சுந்தரருக்கும் அவர் மனைவி பரவையாருக்கும் அங்கே செப்புத் திருமேனி எடுத்திருக்கிறார் ஓர் அதிகாரி. உயரத்தை முழம், விரல் கணக்கில் பொறித்தும் வைத்திருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள், இதை எந்த உரையில் வைப்பது? நெல் கணக்கு வரலாறு, பாட்டு இலக்கியம், கோயில் சமயம் என்று பிரித்துக்கொண்டே போனால் சேரமங்கை எங்கே நிற்பாள்? நீங்கள் விரும்பும் சுத்தமான வரலாறு, அதாவது போர்களும் வெற்றிகளும், ராஜராஜன் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அவன் புகழ் பாடும் பகுதியில் இருக்கிறது. அதன் முதல் சொல்லே 'திருமகள்'. போதாததற்கு அது செய்யுள் வேறு. நம்பிக்கை இல்லையென்றால் கும்பிடாதீர்கள், யாரும் கேட்கவில்லை. காதைக் கொடுக்க என்ன தடை? என் ஆசிரியருக்குத் தேவாரம் பாதிக்கு மேல் மனப்பாடம். (பக்தர்கள் மட்டும் ஒழுங்கா? வரலாற்று உரை தொடங்கியதும் அவர்கள் கைபேசியைத் திறக்கிறார்கள். அவர்களைத் தனியாகத் திட்ட வேண்டும்.)

பேச்சாளர்கள் நேரத்தை மீறுகிறார்கள் என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். மீறட்டும்.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி இணையத்தில் கிடைக்கிறது. 65, 66 ஆம் எண்களைப் பாருங்கள். வெறும் பெயர், வீடு, பங்கு என்றுதான் போகும், சலிப்புத் தட்டும். வங்கிக்காரருக்குப் பேரேடு புதிதா என்ன?