அழித்தும் குறையாத டிஸ்க்

கேள்வி: எங்கள் ஐபிஎம் ஐ (பழைய ஏஎஸ்/400) சர்வரில் டிஸ்க் 92% நிரம்பிவிட்டது. லட்சக்கணக்கில் பழைய ரெக்கார்டுகளை அழித்தும் இடம் கூடவில்லையே, ஏன்?

பதில்: ரெக்கார்டை அழித்தால் அதில் ‘அழிந்தது’ என்ற குறிதான் விழும். அது பிடித்திருந்த இடம் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். ஆர்ஜிஇசட்பிஎஃப்எம் (RGZPFM) கட்டளையால் ஃபைலை மறுசீரமைத்தால்தான் இடம் திரும்பும். வழக்கமான முறையில் அது ஃபைலை முழுவதும் பூட்டிவிடும். ஆகவே பயனர்கள் வெளியேறிய பிறகு செய்யுங்கள்.

ஃபைலுக்கு ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் வசதி) போட்டிருந்தால் இன்னொரு வம்பு: அழித்த ஒவ்வொரு ரெக்கார்டுக்கும், அந்தக் குறிப்புகள் சேரும் ஜர்னல் ரிசீவரில் ஒரு பதிவு ஏறியிருக்கும். இடத்தை மிச்சப்படுத்தப் போய் இன்னும் செலவழித்திருப்பீர்கள்! டேப்பில் சேமித்த, ஜர்னலிலிருந்து கழற்றப்பட்ட (இனி புதிய பதிவு ஏறாத) பழைய ரிசீவர்களை மட்டும், பழையதிலிருந்து வரிசையாக நீக்குங்கள். சேமிக்காததைத் தொடாதீர்கள், பேக்கப்பை ரெஸ்டோர் செய்யும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

எது இடத்தைத் தின்கிறது என்று தெரிய, கட்டளை வரியில் ‘கோ டிஸ்க்டாஸ்க்ஸ்’ (GO DISKTASKS) அடியுங்கள். வரும் மெனுவில் 1 தகவலைத் திரட்டும், 2 அறிக்கை தரும். திரட்ட நெடுநேரம் ஆகலாம், இரவில் ஓட விடுங்கள். யாரும் பார்க்காத ஸ்பூல் ஃபைல்களும் (அச்சுக்குக் காத்திருக்கும் வெளியீடுகள்) ஜாப் லாக்குகளும் (வேலைகள் ஓடிய குறிப்புகள்) தனிக் குப்பை. சேமிப்பிடத்தை ஒழுங்குபடுத்தும் ஆர்சிஎல்எஸ்டிஜி (RCLSTG) கட்டளை இப்போது வேண்டாம். அதற்கு சிஸ்டத்தையே கட்டுப்பட்ட நிலைக்கு (மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்திய நிலைக்கு) கொண்டுபோக வேண்டும்.