கல்லூரிக் கூடைப்பந்தில் புள்ளிகள் குவிவது வீரராலா, பயிற்சியாளராலா?

கேள்வி: 1989-90 பருவத்தில் அமெரிக்காவின் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 122.4 புள்ளிகள் எடுத்தது. அந்தப் பெருமை பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட்டின் வேக ஆட்டத்துக்குத்தானே உரியது?

பதில்: பாதிப் பெருமை அவருக்கு உரியது. பந்து கைக்கு வந்த சில நொடிகளுக்குள் எறிந்துவிட வேண்டும், எதிரணியை ஆடுகளம் முழுவதும் நெருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. இதனால் இரு அணிகளுக்கும் எறியும் வாய்ப்புகள் பெருகின. ஆனால் அதே பயிற்சியாளரின் கீழ் 1986-87இல் அந்த அணி 12 ஆட்டங்களில் வென்று 16இல் தோற்றது. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்த ஹேங்க் கேதர்ஸும் போ கிம்பிளும் விதிப்படி அந்தப் பருவத்தில் ஆட முடியாமல் காத்திருந்தார்கள். அவர்கள் களமிறங்கிய மறு பருவத்தில் 28 வெற்றிகள் கிடைத்தன, தோல்விகள் நான்கே. 1988-89இல் புள்ளிகள் (32.7), ரீபவுண்டுகள், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது (13.7), இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம் பிடித்த கேதர்ஸ், 1990 மார்ச் 4 அன்று ஆடுகளத்திலேயே சரிந்து, அன்றே உயிரிழந்தார். அத்துயரத்தைச் சுமந்துகொண்டுதான், முந்தைய ஆண்டின் சாம்பியனான மிச்சிகனை அந்த அணி 149-115 என்று வென்றது. எத்தனை முறை நினைத்தாலும் மனம் கனக்கும் ஆட்டம் அது.

கேள்வி: அதே முறை வேறு வீரர்களிடம் பலித்ததா?

பதில்: வெஸ்ட்ஹெட் அடுத்த பருவத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டென்வர் அணிக்குச் சென்றார். சராசரி 119.9 புள்ளிகள் வந்தன, விட்டுக்கொடுத்தவையோ 130.8. 82 ஆட்டங்களில் 20 மட்டுமே வெற்றி. ஆட்டமுறை எண்ணிக்கையைக் கூட்டித் தந்தது, வெற்றியைத் தரவில்லை.

கேள்வி: தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் கோடே இல்லாத காலத்தில் கல்லூரி வீரர் பீட் மாராவிச் ஆட்டத்துக்கு 44.2 புள்ளிகள் சராசரி வைத்திருந்தாரே, அது தனித்திறமை இல்லையா?

பதில்: அவருடைய திறமையில் எனக்கு ஐயமே இல்லை. எனினும் அவர் ஆடிய லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் அவருடைய தந்தை பிரஸ் மாராவிச் என்பதையும், ஆட்டத்துக்கு ஏறத்தாழ 38 முறை எறியும் உரிமை மகனுக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 83 ஆட்டங்களில் அவர் எடுத்த 3,667 புள்ளிகளை 2023இல் மூன்று புள்ளிகளில் தவறவிட்ட டெட்ராய்ட் மெர்சியின் ஆன்ட்வான் டேவிஸுக்கும் தந்தையே பயிற்சியாளர். அவருக்கு 144 ஆட்டங்கள் தேவைப்பட்டன.

கேள்வி: அப்படியானால் மைக்கேல் ஜோர்டானை அவருடைய கல்லூரிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் கட்டிப்போட்டாரா?

பதில்: வட கரோலினாவில் ஜோர்டானின் சராசரி 17.7, என்பிஏவின் முதல் பருவத்தில் 28.2. பந்தைப் பகிர்ந்து ஆடும் ஸ்மித்தின் முறை ஒரு காரணம். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ ஆட்டம் 48 நிமிடம் என்பதும், 45 நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி கல்லூரிகள் அனைத்துக்கும் 1985-86இல்தான் வந்தது என்பதும் மற்றக் காரணங்கள்.

கேள்வி: பிறகு எதை வைத்து மதிப்பிடுவது?

பதில்: பந்து ஒருமுறை கைக்கு வந்தால் எத்தனை புள்ளிகள் விளைகின்றன என்பதை வைத்து மதிப்பிடுங்கள். எத்தனை முறை வரும் என்பதைப் பெரும்பாலும் பயிற்சியாளர் தீர்மானிக்கிறார். வந்த பந்து என்னவாகும் என்பது பெரும்பாலும் வீரர் கையில் இருக்கிறது. டோனி பென்னெட் பயிற்சியாளராக இருந்த காலத்து வர்ஜீனியா பல்கலைக்கழக அணி, நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளுள் ஒன்று. 2018இல் அதன் வீரர் டிஆண்ட்ரே ஹன்டர் காயத்தால் விலகியிருந்தபோது அது தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே யுஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) அணியிடம் 74-54 என்று வீழ்ந்தது. மறு ஆண்டு அதே மெதுவான முறையில் ஆடிக் கோப்பையை வென்றபோது, இறுதி ஆட்டத்தில் ஹன்டர் மட்டும் 27 புள்ளிகள் எடுத்தார்.