மூன்றாவது மடிப்பு ஏன் சேரவில்லை?

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். காகித வட்டத்தை மடித்துச் சமபக்க முக்கோணம் செய்ய வைத்தேன். பலருக்கு மூன்றாவது மடிப்பு சேரவில்லை. சேர்ந்தவர்களுக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வட்டத்தைக் கவராயத்தால் வரைய விடாதீர்கள். முள் குத்திய ஓட்டை மையத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்; மையத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் பாடமே. தட்டையோ டப்பா மூடியையோ கவிழ்த்து வரையட்டும். ஏ4 தாள் போதும். சார்ட் அட்டை தடிமனாக இருப்பதால் மடிப்பு நழுவும்.

வட்டத்தைச் சரிபாதியாக மடித்துப் பிரித்து, வேறு திசையில் இன்னொரு முறை மடிக்க வேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடம் மையம். விளிம்பு விளிம்போடு பொருந்தினால் மையமும் தன் மேலேயே விழும். அதனால் அது மடிப்புக்கோட்டில்தான் இருக்க முடியும். அங்கே பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது விளிம்பை மடித்து அந்தப் புள்ளியைத் தொட வைக்க வேண்டும். கிடைக்கும் மடிப்புக்கோடு ஒரு நாண்; அதன் ஒரு முனையிலிருந்து அடுத்த மடிப்பு. இரண்டு நாண்களின் மிஞ்சிய முனைகளை இணைப்பது மூன்றாவது மடிப்பு. பெரும்பாலும் பிசகுவது இங்கேதான்: மடிப்பு சரியாக முனையில் தொடங்கி மூலை கூராக வர வேண்டும், விளிம்பும் புள்ளியைத் தொட வேண்டும். ஒன்றைக் கவனித்து மற்றதை விட்டால் மூன்றாவது மடிப்பில் இடைவெளி விழும்.

சரி, ஏன் சேர்கிறது? முதல் நாணை மட்டும் பிரித்துப் பாருங்கள். மையத்தைத் தொட்ட விளிம்புப் புள்ளியை ப என்போம், மையத்தை ம, நாணின் முனைகளை அ, ஆ. மடித்தபோது ப, ம-வின் மேல் விழுந்தது. ஆகவே அ-விலிருந்து இரண்டும் ஒரே தொலைவு. அந்தத் தொலைவு ஆரம். ம-விலிருந்து ப-வுக்கும் அதே ஆரம். அப்படியானால் அ, ப, ம சமபக்க முக்கோணம், கோணம் 60°. ஆ பக்கமும் அப்படியே. ஒரு நாண் மையத்தில் தாங்குவது 120°. மூன்று நாண்கள் 360°. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அ-விலிருந்து ப-வுக்கும் ம-வுக்கும் கோடு போடச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். யாராவது ஒரு பிள்ளை பிடித்துவிடும்.

நேரம் இருந்தால் முக்கோணத்தின் ஒரு உச்சியை எதிர்ப்பக்க நடுப்புள்ளிக்கு மடித்தால் சரிவகம், பரப்பு முக்கால். அடுத்த உச்சியையும் அதேபோல் மடித்தால் சாய்சதுரம், பாதி. கடைசி உச்சியையும் மடித்தால் கால் பங்கு முக்கோணம். அந்த மூன்று மடல்களையும் தூக்கி நுனிகளைச் சேர்த்தால் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகி நிற்கும்.