லினக்ஸில் ஒரு கீயின் வேலையை இன்னொரு கீக்குக் கொடுக்க முடியுமா?

முடியும். ஒரு கீ செத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அம்பாசமுத்திரத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், மனு, இதுதான் பிழைப்பு. லேப்டாப் மேல் கருப்பட்டிக் காபி கொட்டி, துடைத்துக் கவிழ்த்து வைத்ததில் எல்லாக் கீயும் பிழைத்தது, ஸ்லாஷ் தவிர. இங்கிலீஷ் அடிப்பவருக்கு அது போனால் போகட்டும். தமிழ்99 முறையில் அதுதான் ழ. வேகத்தில் நான் கவனிக்கவில்லை. நகலைப் படித்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "வடக்கு, தெற்கு தெரியும். இந்தக் 'கிக்கு' எந்தப் பக்கம்டே இருக்கு?"

நான்கெல்லை எழுதாமல் பத்திரம் ஏது? கிழக்கே போய்விட்டது.

தமிழ்99-இல் கேப்ஸ் லாக்குக்கு வேலையே கிடையாது; ஸ, ஜ, ஹ எல்லாம் ஷிப்டோடு வந்துவிடும். சும்மா கிடந்த அந்தக் கீக்கு ழ-வைக் கொடுக்க நினைத்தேன். முதலில் கீயின் வேலையை மாற்றும் பழைய கட்டளையான எக்ஸ்மோட்மேப் (xmodmap) போட்டேன். அன்று வேலை செய்தது. கீபோர்டு மொழியை மாற்றியதும் பழையபடி ஆகிவிட்டது. அது திரையைக் கையாளும் பழைய எக்ஸ் முறைக்கானது, அதற்குப் பின் வந்த வேலண்டில் (Wayland) செல்லாது என்பது பிறகுதான் புரிந்தது. கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாகவோ கன்ட்ரோலாகவோ மாற்றினால் போதும் என்பவர்களுக்கு க்னோம் டெஸ்க்டாப்பின் அமைப்புகளை மாற்றும் க்னோம் ட்வீக்ஸ் செயலியிலேயே வசதி உண்டு. என் தேவைக்கு அது பற்றாது.

கடைசியில் கைகொடுத்தது கீடி (keyd) என்ற நிரல். டெஸ்க்டாப்புக்கும் கீழே, கீபோர்டிலிருந்து வரும் சமிக்ஞையையே மாற்றிவிடுவதால் எக்ஸ், வேலண்ட், கருப்புத் திரை டெர்மினல், எங்கும் ஒன்றுபோல ஓடும். நிறுவிய பின் ஈடிசிக்குள் கீடி கோப்புறையில் டிஃபால்ட் டாட் கான்ஃப் (/etc/keyd/default.conf) என்று ஒரு கோப்பு. அதில் இங்கிலீஷ் சின்ன எழுத்தில் நாலே வரி: சதுர அடைப்புக்குள் ஐடிஸ், அடுத்த வரியில் ஒரு ஸ்டார், மறுபடி சதுர அடைப்புக்குள் மெயின், அதன் கீழே கேப்ஸ்லாக் = ஸ்லாஷ். சேமித்து, கீடி ரீலோட் கொடுத்தால் முடிந்தது. முழுக் கீயும் மாறுவதால் ஷிப்டோடு அழுத்தினால் இங்கிலீஷில் கேள்விக்குறியும் வரும்.

எதையாவது ஏடாகூடமாக மாற்றி ஒன்றுமே அடிக்க முடியாமல் போனால் பயப்பட வேண்டாம். பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கீடி நின்றுவிடும். உங்கள் கீக்கு அது என்ன பெயர் வைத்திருக்கிறது என்று பார்க்க கீடி மானிட்டர் இருக்கிறது.

அந்த ஸ்டார், எல்லாக் கீபோர்டுக்கும் என்று பொருள். வெளிக் கீபோர்டு செருகினால் அதிலும் கேப்ஸ் லாக் போய்விடும். வேண்டாமென்றால் ஸ்டாருக்குப் பதில் மானிட்டர் காட்டும் அடையாள எண்ணைப் போடுங்கள். நான் ஸ்டாரையே விட்டுவிட்டேன். வலது சுண்டுவிரல் செய்த வேலையை இடது சுண்டுவிரல் படிக்கவே ஒரு மாதம் ஆனது, திரும்பப் பழக்க யாரால் முடியும்?